அருகம்புல் தரை: படர்வதும் நிறைவதும்

அருகம்புல் கணுவால் பரவும் புல். தரையோடு கிடக்கும் அதன் தண்டில் ஒவ்வொரு கணுவிலும் ஒரு மொட்டு உறங்குகிறது. அந்தக் கணு ஈரமண்ணைத் தொட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால், கீழே வேர் இறங்கும்; மேலே தளிர் எழும். சில வாரங்களில் அந்தத் தளிரே தாயாகி அடுத்த கொடியை ஓட்டும். புல்தரை அமைப்பது, பேணுவது, வெற்றிடத்தை நிறைப்பது ஆகிய வேலைகள் எல்லாம் இந்த ஒரு நிகழ்ச்சிக்கு இடம் செய்து கொடுப்பவையே. நீர், உரம், வெட்டு, மணல், உருளை என ஒவ்வொன்றும் கணுவுக்கு என்ன செய்கிறது என்று கேட்டுக்கொண்டால், எதை எப்போது எவ்வளவு செய்வது என்பது தெளிவாகிவிடும்.

வெயிலின் புல்

புல்தரைக்கு உதவும் புற்கள் உலகில் இரு பெரும் பிரிவாக உள்ளன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் வடபகுதியிலும் வளரும் கென்டக்கி நீலப்புல், ரைப்புல், ஃபெஸ்கியூ ஆகியவை குளிர்காலப் புற்கள். இவற்றுக்கு 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பம் உகந்தது. அருகு, நாற்றங்கால்களில் கொரியன் புல் என்று விற்கப்படும் ஸாய்சியா, அகன்ற இலையுள்ள செயின்ட் அகஸ்டின் புல், கடலோர உப்புமண்ணைத் தாங்கும் பாஸ்பாலம் ஆகியவை வெப்பகாலப் புற்கள். இவை 27 முதல் 35 டிகிரி வரையுள்ள வெப்பத்தில்தான் முழு வேகத்தில் வளரும்.

இந்த வேறுபாடு இலைக்குள் நடக்கும் ஒளிச்சேர்க்கையிலிருந்து வருகிறது. நெல் போன்ற பயிர்களில் வெப்பம் மிகும்போது, கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய நொதி ஆக்சிஜனையும் சேர்த்துப் பிடிக்கிறது. இதனால் செடி ஏற்கெனவே ஈட்டிய ஆற்றலில் ஒரு பங்கு வீணாகிறது. கரும்பு, சோளம், கம்பு, அருகு ஆகியவற்றின் இலைகளில், கரியமில வாயுவை முதலில் ஒரு நான்கு கார்பன் சேர்மமாகக் கட்டி, இலை நரம்பைச் சுற்றியுள்ள உயிரணுக்களில் செறிவாகச் சேர்த்துவைக்கும் ஏற்பாடு உண்டு. 1966-இல் ஆஸ்திரேலியாவில் கரும்பை ஆராய்ந்த ஹாட்ச், ஸ்லாக் என்ற இரு அறிவியலாளர்கள் இந்த வழியைத் தெளிவுபடுத்தினார்கள். C4 வழி எனப்படும் இந்த ஏற்பாட்டால் கடும் வெயிலில் அருகு சோர்வதில்லை. குறைந்த நீரைச் செலவிட்டு அதிக உணவைத் தயாரிக்கிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. வெயில் குறைந்தால் இந்த ஏற்பாட்டின் பயன் போய்விடுகிறது. அருகுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 6 மணி நேரம், நன்கு நிறைவதற்கு 8 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். நிழலில் அது படர்வதை விட்டுவிட்டு வெளிச்சத்தைத் தேடி மேலே நீளும்; கணுக்களுக்கு இடையே தூரம் கூடும்; தரை தெரியும். வேம்பு, மா, புங்கம் ஆகியவற்றின் அடர்ந்த நிழலில் அருகு நிறையாததற்கு நீரோ உரமோ காரணமில்லை. அங்கே கிளைகளைக் கழித்து வெயில் விடலாம். அல்லது நிழலை ஓரளவு தாங்கும் செயின்ட் அகஸ்டின் புல்லை நடலாம்.

குளிரும் இதைப் போலவே அருகைத் தடுக்கிறது. 15 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி பெரிதும் தளரும்; 10 டிகிரிக்கு அருகில் புல் பழுத்து உறக்கத்துக்குப் போகும். தில்லியில் குளிர்காலத்தில் அருகம்புல் தரை பழுப்பாவதும், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வசந்தம் வரும்வரை அது வைக்கோல் நிறத்தில் கிடப்பதும் இதனால்தான். தமிழ்நாட்டுச் சமவெளியில் இந்த நெருக்கடி இல்லை. மார்கழியிலும் தையிலும் வேகம் குறையுமே தவிர, ஏறக்குறைய ஆண்டு முழுவதும் புல் வளரும். நீலகிரி போன்ற உயர்ந்த மலைகளில்தான் குளிரும் உறைபனியும் அருகைத் தடுக்கின்றன. அங்கே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து வந்த கிகுயு புல் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது.

இரண்டு அடுக்கில் ஓடும் தண்டு

அருகுக்கு இருவகைத் தண்டுகள் உண்டு. ஓடுதண்டு தரைக்கு மேலே ஊர்வது. மட்டநிலத்தண்டு மண்ணுக்குள் ஓடுவது. முன்னது புதிய இடத்தைப் பிடிக்கிறது. பின்னது உணவைச் சேமித்து, வறட்சியும் மிதியும் மேற்பகுதியை அழித்தாலும் மீண்டும் முளைக்க வழி வைத்திருக்கிறது. மணமக்களை வாழ்த்தும்போது ஆலின் தழைப்போடு அருகின் வேரோட்டத்தையும் சேர்த்துச் சொல்லும் தமிழர் வழக்கத்துக்கு அடிப்படை, வேளாண் மக்கள் வயலில் கண்டறிந்த இந்த உறுதியே.

ஓடுதண்டின் நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள், பின்னால் உள்ள கணுக்களின் மொட்டுகளை அடக்கி வைக்கிறது. இது நுனி ஆதிக்கம் எனப்படும். நுனி இருக்கும்வரை தண்டு ஒரே திசையில் நீளும். நுனி வெட்டுப்பட்டால் அடங்கியிருந்த பக்கமொட்டுகள் விழித்துக் கிளைக்கும். ஒளிக்கும் இதில் பங்குண்டு. உயர்ந்த இலைகளின் வழியே வடிந்துவரும் ஒளியில் சிவப்புக் கதிர் குறைந்தும் தொலைசிவப்புக் கதிர் மிகுந்தும் இருக்கும். அந்த ஒளியை உணரும் மொட்டு தூர் விடாமல் ஒடுங்கிவிடும். மேலே இலை குறைந்து நேர் வெளிச்சம் அடியில் படும்போதுதான் தூர் பெருகும். புல்லை முறையாக வெட்டினால் தரை அடர்வதன் காரணம் இதுவே.

எந்த அருகு

வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் தானாக வளரும் அருகு ஒரே தோற்றத்தில் இருப்பதில்லை. சில பருத்த தண்டும் நீண்ட கணுவிடைகளும் கொண்டவை. சில மெல்லிய இலையும் நெருங்கிய கணுக்களும் கொண்டவை. தரைக்கு ஏற்றது இரண்டாவது வகை. ஒரு சாண் நீளத் தண்டில் கணுக்கள் எவ்வளவு கூடுதலோ, அவ்வளவு தளிர்கள் அங்கே எழ வாய்ப்புண்டு.

இந்த வகைகளை அறிவியல் முறையில் மேம்படுத்தியவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் நகரில் பணியாற்றிய கிளென் பர்ட்டன். அருகையும் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த மெல்லிய இனமான சைனோடான் டிரான்ஸ்வாலென்சிஸையும் இணைத்த கலப்பினங்களிலிருந்து 1956-இல் டிஃப்கிரீன், 1960-இல் டிஃப்வே 419 என்னும் வகைகள் வெளிவந்தன. அருகில் 36 குரோமோசோம்கள், மற்றதில் 18, கலப்பினத்தில் 27. ஒற்றைப்படையான இந்த மும்மடியத்தால் கலப்பினப் புல் விதை தருவதில்லை. தண்டுத் துண்டுகளால் மட்டுமே அதைப் பெருக்க முடியும். விளையாட்டுத் திடல்களிலும் கோல்ஃப் மைதானங்களிலும் உள்ள கலப்பின அருகு முழுவதும் இவ்வாறு கணுவிலிருந்து கணுவாகப் பெருக்கப்பட்டதே.

நிலம்

புல் நிறையாத தரைகளில் பெரும்பாலானவற்றின் குறை, நடுவதற்கு முன்பே மண்ணில் இருக்கிறது. புதிதாகக் கட்டிய வீட்டைச் சுற்றி உடைந்த செங்கல்லும் கெட்டித்த சிமெண்டுக் கலவையும் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். அவற்றின் மேலுள்ள சொற்ப மண் விரைவில் சூடேறும், ஈரம் தங்காது, சுண்ணாம்புத் தன்மை கூடும். எனவே மேல்மண்ணை 15 செ.மீ. ஆழத்துக்குக் கொத்திப் புரட்டி, கல்லையும் கலவைத் துண்டுகளையும் பொறுக்கி எடுப்பதே முதல் வேலை.

அடுத்தது களை. இதில் முதல் எதிரி கோரை. உலகின் மிகக் கொடிய களைகளை வரிசைப்படுத்தி 1977-இல் ஹோம் முதலியோர் வெளியிட்ட நூலில் முதலிடம் கோரைக்கு, இரண்டாமிடம் அருகுக்கு. இவ்வளவு வலிமையுள்ள இரண்டும் ஒரே நிலத்தில் சேர்ந்தால், அருகு நடப்பட்ட பிறகு கோரையைப் பிரிப்பது மிகக் கடினம். ஆகவே கொத்திய நிலத்துக்கு நீர் பாய்ச்சி, கோரை முளைக்கவிட்டு, கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். இரண்டு மூன்று முறை இதைத் திரும்பச் செய்தால் கிழங்குகள் பெருமளவு தீர்ந்துவிடும். மூக்கிரட்டை, சாரணை, அம்மான் பச்சரிசி, நெருஞ்சி போன்றவற்றின் விதைகளும் இந்த நீர்ப்பாய்ச்சலில் முளைத்து வெளியேறும். நடவு சில வாரங்கள் தள்ளிப்போகும் என்றாலும், பின்னால் பல மாதங்கள் களை பிடுங்கும் உழைப்பை இது மிச்சப்படுத்தும்.

அருகு 6 முதல் 7 வரையுள்ள கார அமில நிலையை விரும்பும். அதற்கு இருபுறமும் ஓரளவு தாங்கும். செம்மண்ணில் நன்கு மக்கிய தொழுவுரம் கலந்தாலே போதும். கரிசலில் நீர் வடிய மணலும் மட்கும் கூடுதலாக வேண்டும். கடலோர மணலில் ஈரம் நிற்பதற்கு மட்கு இன்றியமையாதது. பாதி மக்கிய எருவில் களை விதைகள் உயிரோடு இருக்கும். அதைத் தவிர்க்க வேண்டும். மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது என்பதால், புதுவேருக்குத் தேவையான அந்தச் சத்தை நடுவதற்கு முன்பே மண்ணோடு கலந்துவிட வேண்டும். கடைசியாக, நிலத்தை வீட்டுச் சுவரிலிருந்து வெளிநோக்கி 100-க்கு 1 அல்லது 2 என்ற சாய்வில் சமப்படுத்தி, நீர் விட்டு அமரவைத்து, பள்ளம் விழுந்த இடங்களை நிரப்ப வேண்டும்.

நடவு

சமவெளியில் ஆடிப்பட்டம் நல்ல காலம். கத்திரி வெயில் தணிந்திருக்கும். மண்ணில் வெப்பம் நிறைய இருக்கும். அடைமழைக்கு முன் புல் வேர்பிடிக்க இரண்டு மாதங்களுக்கு மேல் கிடைக்கும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, விதையும் துண்டுகளும் அடித்துச் செல்லப்படும். நீர் வசதி இருந்தால் மாசியிலும் நடலாம். சித்திரை, வைகாசியில் புல் மிக விரைவாக வளரும். ஆனால் வேரில்லாத துண்டு சில மணி நேரத்திலேயே காய்ந்துவிடும்.

நடும் முறைகள் பல. விதை மிகச் சிறியது. ஒரு கிலோவில் ஏறக்குறைய 40 லட்சம் விதைகள் இருக்கும். சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம் விதையை மணலோடு கலந்து தூவி, மெல்லியதாக மண் மூட வேண்டும். அரை செ.மீ.க்கு மேல் புதைந்த விதை வெளியே வரத் திணறும். முளைக்க ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். விதையில் வரும் செடிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பது இந்த முறையின் குறை.

தண்டுத் துண்டுகளை ஊன்றுவது செலவு குறைந்த முறை. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு முதல் நான்கு கணுக்கள் இருக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள்ளும், இலையோடு ஒரு பங்கு வெளியிலும் இருக்குமாறு சாய்வாக ஊன்றி, சுற்றிலும் மண்ணை அழுத்திவிட வேண்டும். பறித்த துண்டை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, அன்றே நடுவது நல்லது. காய்ந்த கணு எவ்வளவு நீர் விட்டாலும் உயிர்பெறாது.

இடைவெளியே நிறையும் காலத்தைத் தீர்மானிக்கிறது. 15 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஒரு சென்ட் நிலத்துக்கு சுமார் 1,800 துண்டுகள் வேண்டும். ஒவ்வொரு கொடியும் 7.5 செ.மீ. ஓடினால் அடுத்ததைத் தொட்டுவிடும். 30 செ.மீ. இடைவெளியில் 450 துண்டுகள் போதும். ஓட வேண்டிய தூரமோ இரட்டிப்பு, அதற்குள் களை நுழைய இடமும் கூடுதல். நல்ல வெயிலிலும் பராமரிப்பிலும் நெருக்கமாக நட்ட அருகு இரண்டு மூன்று மாதங்களில் நிறையும். கொரியன் புல் மிக மெதுவாக ஓடுவதால், அதை அகலமாக நட்டால் ஓராண்டுக்கு மேலும் காத்திருக்க வேண்டிவரும்.

இந்தியத் தோட்டக்காரர்கள் பின்பற்றும் மற்றொரு முறை பூச்சு. புல்லைச் சிறு துண்டுகளாக நறுக்கி, தோட்டமண், பசுஞ்சாணம், நீர் ஆகியவற்றோடு குழைத்து, சமப்படுத்திய ஈரநிலத்தின் மேல் சீராகப் பரப்புவார்கள். அதன்மேல் மெல்லிய மண் தூவி நீர் தெளிப்பார்கள். எல்லாக் கணுக்களும் ஒரே நேரத்தில் ஈரத்தோடு ஒட்டியிருப்பதால் தளிர் பரவலாக எழும். மேல்பூச்சு ஒருநாள் காய்ந்தாலும் இழப்பு பெரிது.

வெட்டியெடுத்த புற்பத்தைகளைப் பதிப்பது விரைவானது, விலை கூடியது. பத்தைகளைச் செங்கல் கட்டுவதுபோல் மூட்டு மாற்றி நெருக்கி வைத்து, இடுக்குகளில் மணல் நிரப்பி, உருளை ஓட்ட வேண்டும். பணத்தை மிச்சப்படுத்த நினைப்பவர்கள், பத்தையை 5 செ.மீ. சதுரங்களாக நறுக்கி 30 செ.மீ. இடைவெளியில் பதிக்கலாம். ஒரு சதுர மீட்டர்ப் பத்தை இவ்வாறு 36 சதுர மீட்டருக்கு வரும்.

நீர்

நட்ட முதல் இரண்டு வாரங்களில் கணுவைச் சுற்றியுள்ள மேல்மண் காயவே கூடாது. ஆழமாகப் பாய்ச்சும் நீர் இந்தக் கட்டத்தில் பயன்படாது, ஏனெனில் ஆழத்தில் வேர் இல்லை. நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை பூவாளியாலோ தெளிப்பானாலோ மெல்லத் தெளிப்பதே சரி. புதுத் தண்டை மெதுவாக இழுத்துப் பார்த்தால் வேர்பிடித்ததா என்பது தெரியும். கையோடு வராமல் எதிர்த்தால் வேர் இறங்கிவிட்டது.

அதன்பின் முறை மாற வேண்டும். தெளிக்கும் தடவைகளைக் குறைத்து, ஒவ்வொரு முறையும் நீர் 10 முதல் 15 செ.மீ. ஆழம் இறங்குமாறு பாய்ச்ச வேண்டும். மேல்மண் சற்றே உலரும்போது வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். நன்கு நிலைத்த தரைக்கு வெயில் காலத்தில் வாரம் சுமார் 25 மி.மீ. நீர் போதும். சதுர மீட்டருக்கு 25 லிட்டர், ஒரு சென்ட்டுக்கு ஏறக்குறைய 1,000 லிட்டர் என்பது இதன் கணக்கு. மழை பெய்த அளவை இதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். விடியற்காலையே பாய்ச்ச ஏற்ற நேரம். மாலையில் நனைந்த இலை இரவெல்லாம் ஈரமாக இருப்பதால் பூஞ்சை நோய்க்கு வழி ஏற்படும்.

நீர்த் தட்டுப்பாட்டில் அருகு சாவதில்லை. இலை பழுத்தாலும் மட்டநிலத்தண்டு உயிரோடு இருந்து அடுத்த மழையில் துளிர்க்கும். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டது போன்ற காலத்தில், நிலைத்த புல்தரைக்கு நீரை நிறுத்துவதே பொறுப்பான செயல். புல் அதைத் தாங்கும். புது நடவை அத்தகைய ஆண்டில் தள்ளிப்போடுவதே முறை.

உரம்

தழைச்சத்து இலையைப் பெருக்குகிறது. இலை தயாரிக்கும் சர்க்கரையே கொடி ஓடுவதற்கான முதல். நிறையும் பருவத்தில் மாதம் சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்து என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து இருப்பதால் இது 11 கிராம் யூரியாவுக்குச் சமம். ஒரு சென்ட்டுக்கு மாதம் சுமார் 440 கிராம். இதை ஒரே முறை இடாமல் இரண்டாகப் பிரித்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை 220 கிராம் வீதம் இடுவது நல்லது. இலை காய்ந்திருக்கும்போது தூவி உடனே நீர் விட வேண்டும். ஈர இலையில் ஒட்டிய யூரியா கருக்கிவிடும்.

முதல் உரத்துக்கு அவசரம் வேண்டாம். வேரில்லாத கணுவால் உரத்தை எடுக்க இயலாது. அது நீரோடு கீழே இறங்கி வீணாகும். நட்டு இரண்டு மூன்று வாரம் கழிந்து, புது வேர் பிடித்தபின் தொடங்க வேண்டும். தரை நிறைந்ததும் அளவைப் பாதிக்கும் கீழே குறைக்க வேண்டும். மிகுந்த தழைச்சத்து வேரை விட்டு இலையை மட்டும் வளர்க்கும். தரைக்கும் இலைக்கும் இடையே காய்ந்த தண்டுகளாலான மெத்தையைச் சேர்க்கும். நோயையும் பூச்சியையும் அழைக்கும். சாம்பல்சத்து வறட்சியையும் மிதியையும் தாங்கும் வலிமை தருவதால், தழைச்சத்தோடு அதையும் சேர்த்து இடுவது வழக்கம்.

ஆழ்துளைக் கிணற்றின் உவர் நீர் பாயும் இடங்களில் நரம்பு பச்சையாகவும் நரம்பிடை மஞ்சளாகவும் இளம் இலைகள் வெளுத்தால், குறைபாடு பெரும்பாலும் இரும்புச்சத்தில் இருக்கும். அங்கே யூரியாவைக் கூட்டுவது பயன் தராது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து மாலை நேரத்தில் தெளித்தால் சில நாட்களில் பச்சை திரும்பும். கரைசல் சிமெண்டுத் தரையில் பட்டால் துருக்கறை நிற்கும் என்பதால் கவனம் தேவை.

வெட்டு

புல் இன்னும் நிறையவில்லை என்பதற்காக வெட்டாமல் விடுவது பரவலாக நடக்கும் தவறு. வெட்டாத அருகு மேலே நீண்டு தன் அடிக்கணுக்களுக்கே நிழலாகும். பக்கமொட்டு விழிக்காது, வெற்றிடம் அப்படியே நிற்கும். வேர் பிடித்து, புல் 4 அல்லது 5 செ.மீ. உயர்ந்ததும் முதல் வெட்டைத் தொடங்க வேண்டும். நாட்டு அருகுக்கு 2.5 முதல் 4 செ.மீ., கலப்பின வகைக்கு 1.5 முதல் 2.5 செ.மீ. உயரம் ஏற்றது.

ஒரே வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. 3 செ.மீ. உயரத்தில் வைக்க வேண்டிய தரையை 4.5 செ.மீ. எட்டியதும் வெட்டிவிட வேண்டும். அதிகம் இலை இழந்த செடி, வேரில் சேர்த்த உணவைச் செலவழித்து இலையை மீட்கும். அந்தச் சில நாட்கள் கொடி ஓடாது. நல்ல வளர்ச்சியில் 4 முதல் 7 நாளுக்கு ஒரு வெட்டு தேவைப்படும். அலகு கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய அலகு இலையைக் கிழித்து நுனியைக் காயவைக்கும். ஒவ்வொரு முறையும் திசையை மாற்றி ஓட்டினால் இலை ஒரே பக்கம் சாயாது. சிறிதாக வெட்டுண்ட இலைகளைத் தரையிலேயே விட்டால் அவை மக்கித் தழைச்சத்தாகத் திரும்பும்.

மணல், உருளை, கீறல்

ஓடுதண்டு காற்றில் தூக்கி நின்றால் அதன் கணு வேர்விடாது. அதை மண்ணோடு சேர்க்கும் வேலை இரண்டு: மேலே மண் தூவுவது, உருளையால் அழுத்துவது. சலித்த தோட்டமண், மணல், மக்கிய உரம் ஆகியவற்றைக் கலந்து 3 முதல் 5 மி.மீ. கனத்துக்குத் தூவி, விளக்குமாற்றால் தள்ளிவிட வேண்டும். 5 மி.மீ. கனத்துக்கு ஒரு சென்ட்டுக்குச் சுமார் 200 லிட்டர் கலவை தேவைப்படும். தண்டு மூடி, இலை நுனி வெளியே தெரிய வேண்டும். இலை முழுதும் மறைந்தால் புல் மூச்சுத் திணறும். ஆற்றுமணல் கிடைக்காமல் எம்-சாண்ட் பயன்படுத்தினால் அதன் நுண்துகளைக் கழுவி நீக்க வேண்டும். அந்தத் துகள் மண்ணின் துளைகளை அடைத்துவிடும்.

உருளையை மண் ஓரளவு ஈரமாக இருக்கும்போது ஓட்ட வேண்டும். சேறான நிலத்தில் ஓட்டினால், குறிப்பாகக் கரிசலில், மண் இறுகி வேருக்குக் காற்று இல்லாமல் போகும். உருளை புல்லைத் தரையோடு ஒட்டவைப்பதற்கு மட்டுமே. மேடு பள்ளத்தைச் சமப்படுத்த அதை நம்பக் கூடாது.

மூன்றாவது உத்தி, தண்டைக் கீறுவது. நன்கு வேர்பிடித்த தரையில் கூரான மண்வெட்டியால் 10 அல்லது 15 செ.மீ. இடைவெளியில் நேர்கோடுகளாக வெட்டிவிட்டால், ஓடுதண்டுகள் துண்டாகி நுனி ஆதிக்கம் அறுபடும். வேருள்ள ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகிக் கிளைக்கும். வெட்டியவுடன் மண் தூவி நீர் விட்டு உரமிட்டால் ஓரிரு வாரத்தில் அடர்த்தி கூடும். இதை வளர்ச்சி வேகமாக இருக்கும் பருவத்தில் மட்டுமே செய்ய வேண்டும்.

நிறையாத இடங்கள்

சுற்றிலும் புல் செழித்திருக்க, ஓரிடம் மட்டும் வெறுமையாக நின்றால் அதற்குக் காரணம் உண்டு. அதைக் கண்டு நீக்காமல் மீண்டும் மீண்டும் நட்டால் நட்டது காயும். ஈரமான மண்ணில் ஒரு கம்பியைக் கையால் அழுத்தினால் 10 செ.மீ. கூட இறங்கவில்லையா? மண் இறுகியிருக்கிறது, அல்லது அடியில் கல் இருக்கிறது. ஆட்கள் குறுக்கே நடக்கும் தடங்களில் இது இயல்பு. அங்கே கம்பியால் நெருக்கமாகத் துளையிட்டு மணல் நிரப்புவதோடு, நடப்பதற்குக் கல் பதித்த பாதையும் தேவை. நீர் தேங்கிப் பாசி படர்ந்தால் பள்ளத்தை நிரப்ப வேண்டும். வெண்மையாக உப்புப் பூத்தால் நல்ல நீரை ஆழமாகப் பாய்ச்சி உப்பைக் கழுவி இறக்க வேண்டும். புல் பாய்போல் உரிந்து கையோடு வந்தால் வேர்ப்புழு வேரைத் தின்றிருக்கிறது. நடுவில் கருகி விளிம்பில் கரும்பச்சையாக வட்டம் தெரிந்தால் நாய் சிறுநீர் கழித்த இடம். அங்கே நிறைய நீர் விட்டுக் கழுவினால் போதும்.

காரணம் நீங்கியபின் நிறைப்பது எளிது. வெற்று மண்ணை 5 செ.மீ. கிளறி, ஓரத்துக் கொடிகளின் நுனிகளை உள்நோக்கித் திருப்பி, ஒவ்வொரு கணுவின் மேலும் ஒரு பிடி மண் வைத்து அழுத்தி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய வெற்றிடமானால் தரையின் ஓரத்திலிருந்தே சிறு பத்தைகளை வெட்டி நட வேண்டும். அதே வகைப் புல் என்பதால் நிறமும் இழையும் மாறாது.

எல்லை

படரவைக்கும் கலையின் கடைசிப் பாடம் நிறுத்துவது. கணுவின் இதே வலிமையால் அருகு பூப்பாத்தியிலும் காய்கறிப் பாத்தியிலும் நுழைந்து களையாகும். தரை அமைக்கும்போதே ஓரத்தில் செங்கல்லை 15 செ.மீ. ஆழத்துக்குச் செங்குத்தாகப் பதித்துவிட வேண்டும். மட்டநிலத்தண்டுகளில் பெரும்பாலானவை அந்த ஆழத்துக்குள்தான் ஓடும். செங்கல்லின் மேல் ஏறி வரும் ஓடுதண்டுகளை மாதம் ஒருமுறை வெட்டிவிட வேண்டும். அப்படி வெட்டிய துண்டுகளைப் பாத்தியிலோ எருக்குழியிலோ போடக் கூடாது. ஒரு கணு ஈரத்தைத் தொட்டாலும் முளைத்துவிடும். வெயிலில் நன்கு காயவைத்து அப்புறப்படுத்த வேண்டும்.

தரை நிறைந்தபின் வேலைகளின் அளவு மாறுகிறது. உரம் பாதிக்கும் கீழே இறங்குகிறது, நீர் வாரக் கணக்குக்கு வருகிறது, மண் தூவுவது ஆண்டுக்கு ஓரிரு முறையாகிறது. வெட்டு மட்டும் அதே ஒழுங்கில் தொடர வேண்டும். காய்ந்த தண்டு மெத்தை 1 செ.மீ.க்கு மேல் கனத்தால் வாரி எடுத்து, மழைக்காலத் தொடக்கத்தில் ஒருமுறை தாழ வெட்டிவிட வேண்டும். இவ்வளவு கவனம் கிடைத்தால் ஒருமுறை நிறைந்த அருகம்புல் தரை, மறுநடவு இல்லாமல் பல ஆண்டுகள் நிற்கும்.